தானுந்து வெற்றோட்ட அதிர்வு

தானுந்து வெற்றோட்ட அதிர்வு என்பது, வண்டி நகராமல் நிற்கையில் அதன் உந்துபொறி மட்டும் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது இருக்கை, தளம், ஸ்டீயரிங், கண்ணாடிகள் ஆகியவற்றில் உணரப்படும் மிகையான நடுக்கம் ஆகும். வெற்றோட்டம் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஐடிலிங் எனப்படுகிறது. இந்நடுக்கம் தனி நோயன்று. பல்வேறு பழுதுகளுக்குப் பொதுவான ஓர் அறிகுறியே ஆகும். தேய்ந்த தீப்பொறிச் செருகி, அழுக்கடைந்த காற்றுவழி, கெட்டிப்பட்ட ரப்பர்த் தாங்கி, அடித்தட்டில் உரசும் புகைக்குழாய் ஆகிய நான்கும் ஓட்டுநருக்கு ஏறத்தாழ ஒரே உணர்வையே தரக்கூடும். எனவே எந்தப் பாகத்தை மாற்றுவது என்று முடிவு செய்வதற்கு முன், அதிர்வு மிகுதியாகப் பிறக்கிறதா, அல்லது இயல்பான அதிர்வு தடுக்கப்படாமல் உடற்கூட்டுக்குக் கடத்தப்படுகிறதா என்று பிரித்தறிவதே கண்டறிதலின் முதற்படி ஆகும்.

வெற்றோட்டத்தில் அதிர்வு பிறக்கும் முறை

நான்கு வீச்சு உந்துபொறியில் ஒவ்வோர் உருளையும் வணரித்தண்டின் இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறை எரிகிறது. ஒவ்வோர் எரிதலும் வணரித்தண்டுக்கு ஓர் உந்தலைத் தருகிறது; அடுத்த உந்தல் வரும்வரை ஃபிளைவீல் எனப்படும் கனத்த சக்கரம் சுழற்சியைத் தாங்கிச் செல்கிறது. வேகம் மிகும்போது உந்தல்கள் நெருங்கி ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. வெற்றோட்டத்தில் அவை தனித்தனியே பிரிந்து நிற்பதால் அவற்றை உடலால் உணர முடிகிறது.

நிமிடத்துக்கு 750 சுற்றுகளில் ஓடும் நான்கு உருளைப் பொறி நொடிக்கு 25 முறை எரிகிறது. அதாவது எரிதல் அதிர்வெண் 25 எர்ட்சு ஆகும். அதே வேகத்தில் மூன்று உருளைப் பொறியின் எரிதல் அதிர்வெண் 18.75 எர்ட்சு மட்டுமே. 1983 இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதி 800 போன்ற மூன்று உருளை வண்டிகளில் வெற்றோட்ட நடுக்கம் ஓரளவு இயல்பாகவே உணரப்படுவதற்கு இது ஒரு காரணம் ஆகும்.

நான்கு உருளைகளுள் ஒன்று எரியத் தவறினால் நிலைமை மாறுகிறது. சீரான 25 எர்ட்சு அதிர்வின்மேல், இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறை வரும் ஒரு தொய்வு சேர்கிறது. இதன் அதிர்வெண் 6.25 எர்ட்சு ஆகும். அமர்ந்திருக்கும் மனித உடல் 4 முதல் 8 எர்ட்சு வரையிலான செங்குத்து அதிர்வையே மிகுதியாக உணர்கிறது. ஆகவே ஓர் உருளையின் குறை சிறிதாக இருந்தாலும் பயணிக்கு அது பெரிய குலுக்கலாகத் தோன்றுகிறது. பட்டறை வழக்கில் இது "வண்டி மிஸ் அடிக்கிறது" எனப்படுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் மலைப்பாதை வண்டிகள்

இச்சிக்கலின் பல கூறுகளையும் ஒருசேரக் காணத்தக்க இடமாகத் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கும் அதனை ஒட்டிய போடிநாயக்கனூர்ப் பகுதியும் விளங்குகின்றன. இங்கிருந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குப் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய வழிகளில் மலைச்சாலைகள் ஏறுகின்றன. கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையின் பகுதியான போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. போடிநாயக்கனூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்திலும், போடிமெட்டு 1,300 மீட்டருக்கு மேலும் அமைந்துள்ளன. முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் ஒரு வண்டி ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது.

பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குத் தொழிலாளர் அதிகாலையில் ஜீப்புகளில் சென்று மாலையில் திரும்புவது நெடுங்காலமாக உள்ள வழக்கம் ஆகும். மகிந்திரா நிறுவனம் 1947 இல் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் தொகுக்கத் தொடங்கியது. பின்னர் வந்த டீசல் ஜீப்புகள் மலைத்தோட்டப் பகுதிகளில் பெரிதும் பரவின. குளிர்ந்த காலைத் தொடக்கம், நிறைந்த பளு, தாழ்ந்த கியரில் நீண்ட ஏற்றம், தோட்டத்து மண்சாலை ஆகியவை இவ்வண்டிகளின் தாங்கிகளையும் புகைக்குழாய்க் கொக்கிகளையும் விரைவில் தளரச் செய்கின்றன. கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலைப் பயணிகளின் வண்டிகள் குமுளி வழியில் பெருகும்போது, வரிசையில் நின்று நின்று நகர வேண்டியிருப்பதால் பொறிகள் நெடுநேரம் வெற்றோட்டத்திலேயே ஓடுகின்றன.

இத்தகைய சாலைகளில் வெற்றோட்டக் குறை வசதிக் குறைவு மட்டுமன்று. வெற்றோட்டம் சீர்கெட்ட பொறி, கொண்டை ஊசி வளைவில் கிளட்சை மிதித்தவுடன் நின்றுவிடக்கூடும். பொறி நின்றால் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடம் புதிதாக உருவாவதில்லை. சேமிப்பில் உள்ளது ஓரிரு மிதிப்புகளுக்கே போதும். அதன்பின் பிரேக் வேலை செய்தாலும் மிதிக்க வேண்டிய விசை பன்மடங்காகிறது. ஆற்றலூட்டப்பட்ட ஸ்டீயரிங் உள்ள வண்டிகளில் அதுவும் கனத்துவிடுகிறது.

காரணங்கள்

எரிதல் குறைகள்

பெட்ரோல் வண்டியில் தேய்ந்த அல்லது கரிபிடித்த தீப்பொறிச் செருகி, பழுதுற்ற தீமூட்டுச் சுருள், அடைபட்ட எரிபொருள் தெளிப்பான், வால்வு சரியாக மூடாமை ஆகியவை ஓர் உருளையை மட்டும் வலுவிழக்கச் செய்கின்றன. உள்ளிழுப்புக் குழாயில் வெடிப்போ தளர்ந்த இணைப்போ இருந்தால் அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்து கலவையை ஐதாக்குகிறது. வெற்றோட்டத்தில் உள்ளே செல்லும் காற்றின் அளவு மிகக் குறைவு என்பதால் சிறு கசிவும் பெரும் விகிதமாகிறது. வேகத்தைக் கூட்டியவுடன் இக்குறை மறைந்துபோவதற்கும் இதுவே காரணம்.

வெற்றோட்ட வேகம் தாழ்தல்

திராட்டில் தகட்டைச் சுற்றிக் கரிப்படிவு சேர்ந்தால் வெற்றோட்டத்துக்கு வேண்டிய காற்று குறைகிறது. குளிரூட்டியின் அமுக்கி, மின்னாக்கி ஆகியவற்றின் சுமையை ஈடுசெய்யும் அமைப்பு பழுதுற்றாலும் வேகம் தாழ்கிறது. இந்நிலையில் எல்லா உருளைகளும் சரியாக எரிந்தபோதிலும் நடுக்கம் மிகும்.

தாங்கிகளின் பழுது

உந்துபொறி வண்டியின் சட்டத்தில் நேரடியாகப் பொருத்தப்படுவதில்லை. ரப்பரும் உலோகமும் சேர்ந்த தாங்கிகளின்மேல் அது அமர்ந்துள்ளது. இவை பட்டறைகளில் மவுண்டிங் எனப்படுகின்றன. பொறியும் தாங்கிகளும் சேர்ந்த அமைப்புக்கு ஓர் இயல் அதிர்வெண் உண்டு. எரிதல் அதிர்வெண் இதனைப் போல் 1.41 மடங்குக்கு மேல் இருந்தால் மட்டுமே தாங்கிகள் அதிர்வைக் குறைக்கின்றன. அதற்குக் கீழ் அவை அதிர்வைப் பெருக்குகின்றன.

எடுத்துக்காட்டாக, இயல் அதிர்வெண் 12 எர்ட்சு எனவும் எரிதல் அதிர்வெண் 25 எர்ட்சு எனவும் கொண்டால், தணிப்பைப் புறக்கணித்த கணக்கின்படி அதிர்வு விசையில் ஏறத்தாழ 30 விழுக்காடே சட்டத்துக்குச் செல்கிறது. வெப்பத்தால் ரப்பர் கெட்டிப்பட்டு இயல் அதிர்வெண் 18 எர்ட்சாக உயர்ந்தால், விசை முழுவதும் கடத்தப்படுகிறது. பொறியில் எந்தப் பழுதும் இல்லாமலேயே வண்டி மூன்று மடங்குக்கு மேல் நடுங்குகிறது. மாறாக, தாங்கிகள் நன்றாக இருந்தும் வெற்றோட்டம் 750 இலிருந்து 650 சுற்றுகளாகத் தாழ்ந்தால், கடத்தப்படும் பங்கு 30 இலிருந்து ஏறத்தாழ 44 விழுக்காடாக உயர்கிறது. இரு வேறு பழுதுகள் ஒரே உணர்வைத் தருவது இவ்வாறே ஆகும்.

பிற காரணங்கள்

புகைக்குழாய் அடித்தட்டிலோ சட்டத்திலோ தொட்டுக்கொண்டிருத்தல், தளர்ந்த பட்டை அல்லது கப்பி, சமநிலை கெட்ட விசிறி, கிளட்ச் தட்டின் பழுது ஆகியவை பிற காரணங்கள் ஆகும். ரப்பர்த் தாங்கியைத் தவிர்த்துக் குழாய்வழியே அதிர்வு நேராக உடற்கூட்டை அடைவதால், தாங்கிகளை மாற்றியும் பயன் விளைவதில்லை.

கண்டறியும் வரிசை

செலவற்ற சோதனைகளை முதலிலும் பாகங்களைக் கழற்ற வேண்டியவற்றைப் பின்னரும் செய்வது முறையாகும். சமதரையில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, பொறி நன்கு சூடேறிய பின் சோதனை தொடங்கப்படுகிறது.

1. வேகத்தை அளத்தல். வெற்றோட்ட வேகம் வண்டியின் கையேட்டில் தரப்பட்ட அளவில் உள்ளதா எனப் பார்க்கப்படுகிறது. குறைந்திருந்தால் அதனைச் சீர்செய்த பின்னரே மற்றச் சோதனைகள் பொருளுடையவை ஆகும்.

2. நடுக்கத்தின் தன்மை. இடைவிடாத மெல்லிய சீரான நடுக்கம் தாங்கிகளையோ உரசும் குழாயையோ சுட்டுகிறது. ஒழுங்கான இடைவெளியில் வரும் குலுக்கல் ஓர் உருளையின் குறையைச் சுட்டுகிறது. ஒழுங்கற்று வந்துபோகும் குலுக்கல் காற்றுக்கசிவையோ எரிபொருள் வரத்துக் குறையையோ சுட்டுகிறது.

3. வேகத்தைக் கூட்டல். 1,200 சுற்றுகளுக்கு உயர்த்தியதும் நடுக்கம் மறைந்தால் குறை வெற்றோட்டத்துக்கு உரியது. வேகத்தோடு நடுக்கமும் வளர்ந்தால் விசிறி, கப்பி, கிளட்ச் ஆகியவற்றின் சமநிலை ஐயத்துக்குரியது.

4. கிளட்சை மிதித்தல். மிதித்ததும் நடுக்கமோ ஓசையோ மாறினால் கிளட்ச், கியர்பெட்டி ஆகியவற்றின் பக்கம் கவனம் திரும்ப வேண்டும்.

5. சுமையை மாற்றல். குளிரூட்டியையும் முன்விளக்குகளையும் போட்டு அணைத்துப் பார்க்கும்போது வேகம் வீழ்ந்து மீளாவிட்டால் வெற்றோட்டக் கட்டுப்பாட்டில் குறை உள்ளது. வேகம் வீழாமல் நடுக்கம் மட்டும் மிகுந்தால் தாங்கிகள் ஐயத்துக்குரியவை.

6. தாங்கிகளைப் பார்த்தல். பொறியை நிறுத்தி, ரப்பரில் வெடிப்பு, உலோகத்திலிருந்து பிரிதல், நீர்மம் நிரப்பிய வகையாயின் கசிவு ஆகியவை பார்க்கப்படுகின்றன. பொறியின் எடையை மரப்பலகை வைத்த ஜாக்கியால் சிறிதளவு தாங்கிப் பார்க்கும்போது ரப்பர் கிழிந்திருந்தால் பிளவு விரிந்து தெரியும். புகைக்குழாய் எங்கேனும் உரசிய பளபளப்பான தடமும் இப்போதே தேடப்படுகிறது.

7. உருளைகளை ஒவ்வொன்றாக நிறுத்தல். ஓர் உருளைக்கு எரிபொருளை நிறுத்தினால் நல்ல உருளையாயின் வேகம் வீழ்ந்து குலுக்கல் மிகும். எதை நிறுத்தினால் மாற்றமே இல்லையோ அதுவே பழுதுற்ற உருளை. தெளிப்பானின் மின்னிணைப்பைக் கழற்றியே பெட்ரோல் வண்டியில் இதனைச் செய்ய வேண்டும். தீப்பொறியை மட்டும் நிறுத்தினால் எரியாத பெட்ரோல் வினையூக்கி மாற்றிக்குச் சென்று அதனைச் சூடேற்றிக் கெடுக்கும்.

8. அமுக்கச் சோதனை. பழுதுற்ற உருளை அறியப்பட்ட பின், செருகியும் தெளிப்பானும் வேறோர் உருளையுடன் மாற்றிப் பார்க்கப்படுகின்றன. குறை பாகத்தோடு இடம்மாறினால் அப்பாகமே பழுது. குறை அதே உருளையில் நிலைத்தால் அமுக்கம் அளக்கப்படுகிறது. பெட்ரோல் பொறிகளில் ஏறத்தாழ 10 முதல் 14 பார் வரை அமுக்கம் இருக்கும். எண்ணின் அளவைவிட உருளைகளுக்கிடையே உள்ள வேறுபாடே முக்கியமானது.

இவ்வரிசையில் முதல் ஐந்து சோதனைகளுக்குக் கருவி எதுவும் தேவையில்லை. வேகமானி இருந்தால் போதும். ஓட்டுநரே இவற்றைச் செய்து குறித்துக்கொண்டு பட்டறைக்குச் சென்றால், தேவையற்ற பாகங்கள் மாற்றப்படுவது பெரிதும் தவிர்க்கப்படும். நாட்கூலிப் பயணிகளை ஏற்றி நாள்தோறும் ஓடும் ஒரு ஜீப்புக்கு, தவறாக மாற்றப்பட்ட பாகத்தின் விலையோடு ஓடாத நாளின் வருவாயும் இழப்பாகிறது.

உயரத்தின் விளைவு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும்போது காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. கார்புரேட்டர் உள்ள பொறியில் எரிபொருள் துளையின் அளவு மாறாததால், ஐதான காற்றுக்கு ஏற்ப எரிபொருள் அதே விகிதத்தில் குறைவதில்லை. கலவை ஏறத்தாழ 5 விழுக்காடு அடர்வாகிறது. அதே திராட்டில் இடைவெளியில் உட்புகும் காற்றின் நிறையும் குறைவதால் வெற்றோட்ட வேகமும் தாழ்கிறது. அடிவாரத்தில் சற்று அடர்வான கலவையுடன் சரிசெய்யப்பட்ட வண்டி மேட்டில் நடுங்கி, கரும்புகை விட்டு, இறங்கியதும் தானே சரியாகிவிடும். மேலே தோன்றிக் கீழே மறையும் நடுக்கம் உடைந்த பாகத்தின் அறிகுறியன்று. கலவைச் சீரமைப்பின் அறிகுறி ஆகும். மேட்டில் வைத்துக் கலவைத் திருகைத் திருப்பிச் சரிசெய்தால் வண்டி சமவெளியில் ஐதான கலவையுடன் ஓடிச் சூடேறக்கூடும்.

மின்னணு எரிபொருள் தெளிப்பு அமைப்பு காற்றழுத்தத்தை அளந்து எரிபொருளைக் குறைத்துக்கொள்வதால் இவ்விளைவு அதில் தெரிவதில்லை. இந்தியாவில் தானுந்துகள் 2000 ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் இம்முறைக்கு மாறின. இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவை 2020 இல் பாரத் நிலை 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வரும்வரை கார்புரேட்டருடனேயே விற்கப்பட்டன.

உள்ளிழுப்பு வெற்றிடத்தை அளக்கும் கருவியைப் பயன்படுத்துவோரும் உயரத்தைக் கருத வேண்டும். கடல்மட்டத்தில் நல்ல பெட்ரோல் பொறி வெற்றோட்டத்தில் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவைக் காட்டும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் இது ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். கம்பத்தில் 18 அங்குலம் காட்டும் வண்டி போடிமெட்டில் 15 அங்குலம் காட்டினால் அது பழுதன்று. முள்ளின் நிலையைவிட அதன் அசைவே பயன்தரும் செய்தி ஆகும். ஒழுங்காக விட்டுவிட்டுத் துடிக்கும் முள், மூடாத வால்வையோ எரியாத உருளையையோ காட்டுகிறது.

டீசல் வண்டிகள்

டீசல் பொறி வெற்றோட்டத்தில் தேவைக்கு மிக அதிகமான காற்றுடன் ஓடுவதால் உயரத்தின் விளைவு அதில் சிறிதே ஆகும். தீப்பொறிச் செருகி இல்லாமையால் அதன் எரிதல், அமுக்கத்தையும் நாசில் எனப்படும் தெளிப்பு முனையையும் பொறுத்தது. உயர்ந்த அமுக்க விகிதத்தால் ஒவ்வோர் உந்தலும் வலியது. எனவே பெட்ரோல் வண்டியைவிட மிகுந்த நடுக்கம் இயல்பாகவே உண்டு. அதிகாலையில் தொடங்கிய சில நிமிடங்கள் வெண்புகையுடன் குலுங்கிப் பின் சீராவது, முன்சூடேற்றும் செருகிகளின் குறையையோ அமுக்கக் குறைவையோ காட்டலாம். சூடேறிய பின்னும் தொடரும் குலுக்கலுக்கு நாசிலின் தேய்வு, எரிபொருள் வழியில் காற்றுப் புகுதல், பம்பின் அளவு பிசகு ஆகியவை பொதுக் காரணங்கள் ஆகும். எரிபொருள் வடிகட்டியை மாற்றிய உடனே குறை தோன்றினால் காற்றுப் புகுந்திருத்தலே முதலில் ஐயுறத்தக்கது.

புகையின் நிறமும் துணைபுரிகிறது. கரும்புகை மிகையான எரிபொருளையும், நீலப்புகை எண்ணெய் எரிவதையும், சூடேறிய பின் தொடரும் வெண்புகை எரியாத டீசலையோ குளிர்விப்பு நீர் உருளைக்குள் கசிவதையோ சுட்டுகின்றன.

பழைய இயந்திரவகைப் பம்பு உள்ள ஜீப்புகளில், தெளிப்பானுக்குச் செல்லும் குழாயின் மரையைச் சிறிது தளர்த்தி உருளையை நிறுத்திப் பார்ப்பது பட்டறை வழக்கம் ஆகும். பொதுத்தண்டு வகையான காமன் ரெயில் பொறிகளில் இதனை ஒருபோதும் செய்யலாகாது. அவற்றின் குழாயழுத்தம் வெற்றோட்டத்திலேயே 200 பாருக்கு மேல் இருக்கும். சுமையில் 1,000 பாரைத் தாண்டும். மரையைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். வெளியே சிறு புள்ளியாகத் தோன்றும் இக்காயம் கையையே இழக்கச் செய்யக்கூடியது; உடனடி அறுவை மருத்துவம் தேவைப்படுவது. இவ்வண்டிகளில் உருளை நிறுத்தச் சோதனையைக் கணினிக் கருவியின் வழியாகவே செய்ய வேண்டும்.

பிழைக் குறியீடுகள்

புதிய வண்டிகளின் கட்டுப்பாட்டுக் கணினி, வணரித்தண்டின் வேகத்தில் ஏற்படும் நுண்ணிய தொய்வுகளைக் கொண்டு எரிதல் தவறுவதை அறிகிறது. பி0301 முதல் பி0304 வரையிலான குறியீடுகள் முறையே ஒன்று முதல் நான்கு வரையிலான உருளைகளைக் குறிக்கும். பி0300 குறிப்பிட்ட ஓர் உருளையில் அல்லாமல் மாறிமாறி எரிதல் தவறுவதைக் குறிக்கும். இக்குறியீடு எந்த உருளை என்பதைச் சொல்லுமேயன்றி, ஏன் என்பதைச் சொல்லாது. மேலும் தாங்கியின் பழுதுக்கும் உரசும் புகைக்குழாய்க்கும் குறியீடு எதுவும் இல்லை. குறியீடு இல்லாத நடுக்கம், குறை கடத்தும் வழியில் இருக்கலாம் என்பதற்கு ஒரு சான்று ஆகும்.

தவறான தீர்வுகள்

வெற்றோட்ட வேகத்தை 100 சுற்றுகள் உயர்த்திவிடுவது பரவலாகச் செய்யப்படும் ஒன்று. 750 இலிருந்து 850 ஆக உயரும்போது எரிதல் அதிர்வெண் 25 இலிருந்து 28.3 எர்ட்சாகி, தாங்கிகள் நன்கு செயற்படும் பகுதிக்குச் செல்வதால் நடுக்கம் குறைகிறது. ஆனால் எரியாத உருளை எரியாமலே இருக்கும், எரிபொருள் வீணாகும். கெட்ட தாங்கிக்குப் பதிலாக அளவில் பொருந்தும் கடினமான ரப்பரை இடுவதும் இத்தகையதே. அது நெடுநாள் உழைக்கலாம். எனினும் இயல் அதிர்வெண்ணை உயர்த்துவதால் நடுக்கத்தை நிலையாக்கிவிடும். பல தாங்கிகளுள் ஒன்றை மட்டும் மாற்றினால், தளர்ந்த மற்றவை புதியதன்மீது சுமையை ஏற்றி அதனையும் விரைவில் கெடுக்கலாம்.

சீர்செய்த பின் மீண்டும் அதே சமதரையில், அதே சூட்டில், அதே சுமையுடன் வண்டியை வெற்றோட்டத்தில் ஓடவிட்டு ஒப்பிட வேண்டும். மலைப்பாதையில் ஓடும் வண்டியாயின் ஏறி இறங்கிய பின் மேலும் ஒருமுறை பார்ப்பது நன்று.

இவற்றையும் பார்க்க

உட்கனற் பொறி
டீசல் பொறி
ஒத்ததிர்வு
கார்புரேட்டர்
போடிமெட்டு
கம்பம் பள்ளத்தாக்கு